ஆணிப் பலகையில் இரண்டாவது சீட்டு

மார்லிஸுக்கு எப்போதும் மூக்கு நுனியில் கோபம். அது ஏரிக்கரை முழுவதற்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன்? அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை, உறைந்த ஏரியின் நடுவில் அந்தக் குழந்தைப் பனிவண்டி கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றதும், இருபது பேர் பார்க்க அவள் தன் தங்கையிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"எந்தக் கேன்ல இருந்துடி ஊத்தின?"

"நீல டேப் ஒட்டின, ஆயில் கலந்த கேன்லதான்க்கா," என்றாள் காரின்.

"பொய் சொல்லாத. கார்ல ரெண்டு கேன் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்த. ஆயில் கலக்காத பெட்ரோல ஊத்தித் தொலைச்சிருக்க. பிஸ்டன் புடிச்சுக்கிச்சு பாரு."

"நான் பாத்துதான் ஊத்தினேன்."

"பாத்து ஊத்தின லட்சணம்தான் தெரியுதே."

காரினின் மகள் இங்கா, ஒன்பது வயது, வண்டியை விட்டு இறங்காமல் அந்தச் சின்ன கைப்பிடியைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இறங்கினால் வண்டி நிஜமாகவே செத்துப்போனதாக ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

வண்டி 1974-ஆம் வருஷத்தது. இந்த அக்காவும் தங்கையும் சின்ன வயதில் முறை வைத்துக்கொண்டு, முறை தவறியதற்கு முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டியது. பெரியவர்களின் முழங்கால் உயரம்கூட இருக்காது. இன்ஜின் ஒரு கெட்டில் அளவு. கயிற்றை இழுத்தால் தையல் மெஷின் மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் வேகமும் கிடையாது. ஓடுகிற நாய் முந்திக்கொண்டு போய்விடும். ஆனால் பிப்ரவரியில் நடக்கும் பழைய குழந்தை வண்டிகளின் பந்தயத்துக்கு மினசோட்டாவின் வடக்கு மூலை முழுவதும் எங்கள் ஏரிக்குத்தான் வரும். பத்து வயது ஆகிவிட்டால் ஏற முடியாது. இங்காவுக்கு இதுதான் கடைசி வருஷம்.

போன கோடையில் மார்லிஸ் அந்த இன்ஜினை ஆணி ஆணியாகக் கழற்றிப் புதுப்பித்திருந்தாள். இந்த மாதிரிச் சின்ன இன்ஜின்களுக்கு இந்த வட்டாரத்தில் அவள் ஒருத்திதான். கனடா எல்லையைத் தாண்டியெல்லாம் ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஐம்பத்தாறு வயது, தனி ஆள், அந்தச் சூடான கராஜும் அதன் மண்ணெண்ணெய் வாடையும்தான் அவள் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைதோறும் காரின் அங்கே வந்து காபி குடித்துவிட்டுப் போவாள்.

அன்று மாலையே மார்லிஸ் சிலிண்டரைக் கழற்றினாள். பிஸ்டனின் பக்கவாட்டில் யாரோ முள்கரண்டியால் கீறியதுபோலக் கோடுகள், ஒரு ஓரம் உருகியே போயிருந்தது. "இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். திறந்து கிடந்த இன்ஜின் வாயில் ஒரு வெள்ளைத் துணியைத் திணித்துவிட்டு, பிஸ்டனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நேராக ஏரிக்கரைக் கொட்டகைக்குப் போனாள்.

கொட்டகை என்றால் விறகடுப்பும் நாலு பெஞ்சும்தான், பனியில் விறைத்த கைகளைச் சூடாக்கிக்கொள்ளும் இடம். அதன் சுவரில் ஒரு நீளப் பலகை. பலகை நிறைய ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு வீணாய்ப்போன பிஸ்டன், அதன் கழுத்தில் ஒரு சீட்டு: யார் கெடுத்தது, எந்த வருஷம், என்ன முட்டாள்தனம். எங்கள் ஊரில் அந்தப் பலகையில் ஒரு ஆணியாவது இல்லாதவர்கள் குறைவு. அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், மாட்டிக்கொண்டவரும் சேர்ந்து சிரிப்பார். காரினுக்கு ஏற்கெனவே ஒன்று உண்டு. பதினாலு வயதில் அப்பாவின் மரம் அறுக்கும் மெஷினில் ஆயில் இல்லாமல் வெறும் பெட்ரோலை ஊற்றி ஓட்டியது. அந்தச் சீட்டை அவளேதான் எழுதினாள், பக்கத்தில் ஒரு அழுமூஞ்சிப் படமும் போட்டாள்.

இரண்டாவது சீட்டை மார்லிஸ் எழுதினாள். "காரின். இந்த வருஷம். மறுபடியும் அதே."

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் டெல்மர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அவளையே எழுத விட்டிருக்கலாமே மார்லிஸ், அதானே வழக்கம்?" என்றார்.

"அவ ஒத்துக்க மாட்டா அண்ணே. பிடிவாதக்காரி."

"ஆமா ஆமா, உங்க வீட்லயே அவ ஒருத்திதான் பிடிவாதக்காரி," என்றார் டெல்மர்.

சேதி காரினுக்குப் போக அரை மணி நேரம் ஆகவில்லை. போனில் அவள் கத்தவில்லை. "அக்கா, வண்டி உங்கிட்டயே இருக்கட்டும். ஓட்டுறதுக்கு வேற புள்ளயப் பாத்துக்கோ. இங்கா வர மாட்டா," என்றாள், வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காபிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மார்லிஸ் இரண்டு நாளும் இரண்டு கோப்பையைக் கழுவி வைத்தாள், ஒன்றில்தான் குடித்தாள். அவளுக்கு வலித்தது. வலித்தால் அவளுக்குக் கோபம்தான் வரும், அதையும் வட்டியோடு தங்கைமேலேயே ஏற்றி வைத்தாள்.

பந்தயத்துக்கு நாலு நாள் இருக்கும்போது புதுப் பிஸ்டன் தபாலில் வந்தது. யார் ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இன்ஜினைப் பிளந்த நிலையில் விட்டுவைக்க அவளுக்கு மனசு வராது. சிலிண்டரில் ஒட்டியிருந்த அலுமினியத்தைப் பொறுமையாகத் தேய்த்து எடுத்தாள். பிறகு இன்ஜின் வாயில் திணித்திருந்த வெள்ளைத் துணியை உருவினாள்.

துணியின் அடிப்பக்கம் நீலமாக இருந்தது.

அவள் கலக்கும் ஆயில் நீல நிறம். கையுறையைக் கழற்றி விரலை உள்ளே விட்டாள். அடியில் பேரிங்கெல்லாம் வழவழவென்று எண்ணெய். வெறும் பெட்ரோலில் ஓடிய இன்ஜின் என்றால் அங்கே எலும்பு மாதிரி காய்ந்து கிடந்திருக்கும். மார்லிஸ் அந்த நீல விரலைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

காரின் சரியான கேனிலிருந்துதான் ஊற்றியிருக்கிறாள். அப்படியென்றால் பிஸ்டன் ஏன் உருகியது? எங்கோ ஓரிடத்தில் காற்று உள்ளே புகுந்திருக்க வேண்டும். காற்று அதிகமானால் பெட்ரோல் கலவை மெலியும், மெலிந்தால் சூடு ஏறும். புகுந்தால் அது இன்ஜினின் சுழல்சக்கரத்துக்குப் பின்னால் காற்றை அடைத்து நிற்கும் ரப்பர் சீல் வழியாகத்தான். அந்தச் சீலை நினைத்ததும் அவள் அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள்.

போன கோடையில் அந்தச் சீல் ஐம்பது வருஷத்துக்கு அப்புறமும் மெத்தென்று இருந்தது. புதுச் சீல் பொட்டலம் அலமாரியிலேயே இருந்தது. ஆனால் பந்தயத்தன்று வண்டிமேல் வைக்கிற அட்டையில் "எல்லாம் அசல் பாகம்" என்று எழுத அவளுக்கு ஆசை. பழைய வண்டிப் பைத்தியங்களுக்கு அந்த மூன்று வார்த்தைதான் கிரீடம். சீலைத் துடைத்து எண்ணெய் தடவித் திரும்ப மாட்டியிருந்தாள்.

புதுப் பிஸ்டனைப் போட்டு மூடி, இரண்டு துவாரத்தையும் அடைத்து, சைக்கிள் பம்பு மாதிரி ஒன்றால் காற்றை ஏற்றி அளவுமுள்ளைப் பார்த்தாள். ஏறிய முள் இறங்கவில்லை. பத்து நிமிஷம். கல் மாதிரி நின்றது. 'அப்பாடா, என் மேல தப்பில்ல,' என்று ஒரு பெருமூச்சு வந்தது. கராஜின் சூட்டில் எல்லாம் கச்சிதம். அதோடு அவள் விட்டிருக்கலாம். கேட்க யாரும் இல்லை.

ஆனால் இன்ஜின் ஓடியது கராஜில் இல்லை, பனிக்கட்டி மேலே. அது அவளுக்குத் தெரியாதா? இன்ஜினைத் தூக்கிக்கொண்டு போய் வாசல் பனியில் வைத்தாள். மூக்கு மயிர் உறைகிற குளிர். உள்ளே வந்து மிச்சமிருந்த காட்டரிசி சூப்பைச் சுடவைத்துக் குடித்தாள், ருசி தெரியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து வெளியே போய் மறுபடி காற்றை ஏற்றினாள். முள் ஏறியது, ஒரு விநாடி நின்றது, அப்புறம் மெதுவாக, அவள் கண்ணெதிரிலேயே இறங்கி, பூஜ்யத்தில் போய்ப் படுத்தது. குளிரில் கிழட்டு ரப்பர் விறைத்து வாயைப் பிளந்துவிட்டது.

"நாந்தான்," என்றாள் மார்லிஸ். அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. ஆனாலும் சத்தமாகவே சொன்னாள்.

புதுச் சீலை மாட்ட இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அவமானமாக இருந்தது.

சனிக்கிழமை காலை கொட்டகையில் பான்கேக் சுடும் நாள். வெளியூர் ஆட்கள் உட்பட நாற்பது பேர் இருந்தார்கள். மார்லிஸ் நேராகப் பலகைக்குப் போய் காரினின் இரண்டாவது சீட்டைப் பிய்த்தாள். அதே பிஸ்டனின் கழுத்தில் புதுச் சீட்டு ஒன்றைக் கட்டினாள்.

டெல்மர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அவளுதக் கிழிச்சாப் போதாதாம்மா? உன்னுது எதுக்கு? அவனவன் உன்ன நம்பி இன்ஜினக் குடுத்துட்டு நிக்கிறான்."

"அதனாலதான் அண்ணே."

அவர் வாசித்தார். "மார்லிஸ். இந்த வருஷம். 'எல்லாம் அசல்'னு எழுதுற வீம்புல கிழட்டுச் சீலையே மாட்டினா. பழிய தங்கச்சி மேல போட்டா." டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பின்னால் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள், வேறு யாரோ விசிலடித்தார்கள். முதல் தடவையாக மார்லிஸ் பலகையில் ஏறியிருந்தாள். கன்னம் எரிந்தது.

அங்கிருந்து காரின் வீட்டுக்குப் போனாள். காரின் வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தாள், அக்காவைப் பார்த்தும் மண்வாரியைக் கீழே வைக்கவில்லை.

"காரின், உன் மேல தப்பில்லடி. சீல்தான். நான் மாட்டினது."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

காரின் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினாள். கோட்டின் உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். நடுவில் ஒரு வட்டக் கறை, ஓரம் லேசாக நீலம். "அன்னைக்கே டாங்கில இருந்து நாலு சொட்டு எடுத்து இதுல விட்டுப் பாத்தேன். பெட்ரோல் காஞ்சிருச்சு, ஆயில் நின்னுச்சு. வெறும் பெட்ரோல்னா கறையே இருக்காதுல்ல."

மார்லிஸ் குனிந்து அந்தக் கறையைப் பார்த்தாள். "இத அன்னைக்கே கொட்டகையில காட்டிருக்கலாமேடி. எல்லாரு முன்னாலயும் என் மூஞ்சில வீசிருக்கலாமே."

"வீசலாம்னுதான் கெளம்பினேன். கார்ல பாதி வழி வந்தேன்." காரின் கையுறையால் மூக்கைத் துடைத்தாள். "கேன் தப்பில்லன்னா அப்புறம் எது தப்புன்னு கேப்பாங்க. உன் வேலதான் தப்புன்னு ஆயிரும். என்னை எல்லாருக்கும் தெரியும், எனக்கு ரெண்டு ஆணி இருந்தா என்ன, மூணு இருந்தா என்ன. உனக்கு அந்தப் பேரு ஒண்ணுதானேக்கா இருக்கு."

மார்லிஸ் அழுதாள். அழுது பழக்கமில்லாதவள், அதனால் அசிங்கமாக, மூக்கால் அழுதாள்.

"அப்புறம் எதுக்குடி இங்காவ வர மாட்டான்னு சொன்ன?"

"கோவம் வராதா எனக்கு? நானும் உன் தங்கச்சிதானே." பிறகு காரின் கேட்டாள், "இத வெளில சொல்லிடலயே நீ?"

"பலகையில மாட்டிட்டேன். நாப்பது பேரு பாத்தாச்சு."

"ஐயோ அறிவுகெட்டவளே," என்றாள் காரின். முகம் தன்னால் மலர்ந்தது. "படம் போட்டியா?"

"இல்ல."

"அதையும் நாந்தான் போடணுமா?"

மறுநாள் ஏரியில் பதினொரு சின்ன வண்டிகள் வரிசையாக நின்றன. இங்காவின் முழங்கால் கைப்பிடியில் இடித்தது, அதை யாரும் பார்க்கக்கூடாது என்று காலைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிமேல் வைத்த அட்டையில் "எல்லாம் அசல் பாகம்" என்பதற்குக் கீழே மார்லிஸ் கொட்டை எழுத்தில் சேர்த்திருந்தாள்: "ஒரு ரப்பர் சீல் தவிர." டாங்கி காலியாக இருந்தது. வேண்டுமென்றேதான் காலியாக விட்டிருந்தாள். நீல டேப் ஒட்டிய கேனை எடுத்து, எல்லோரும் பார்க்க, தங்கையிடம் நீட்டினாள்.

"நீயே ஊத்து."

காரின் கேனை வாங்கினாள், மூடியைத் திறந்தாள். ஊற்றவில்லை. பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து, பழைய கறைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு விட்டு, வாயால் ஊதத் தொடங்கினாள்.

கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டெல்மர் கத்தினார். "ஏம்மா, என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? புள்ளைங்க விறைச்சுப் போவுது!"

"இருங்க அண்ணே," என்றாள் மார்லிஸ். தங்கையின் கையிலிருந்த காகிதத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அவளும் ஊதினாள். "காயட்டும்."