சேற்றுக்கு ஒரு சாண் மேலே

கல்குவாரித் தண்ணீரில் இறங்குவதற்கு முன்னால், இடுப்பிலிருந்த ஈயக்கட்டிகளில் இரண்டைக் கழற்றி, முதுகிலிருந்த இரட்டைச் சிலிண்டர்களின் கழுத்தோரம் மாற்றிக் கட்டச் சொன்னாள். கால் தாழாமலிருக்க. அண்ணன் கட்டினான். நேற்று இறங்கியவன் அவன்தான். தண்ணீருக்கடியில் விழுந்து கிடந்த வேன் வரைக்கும் போனவனுக்குக் கடைசியில் கால் தாழ்ந்து, காலில் மாட்டிய துடுப்பு சேற்றைக் கிளறிவிட்டது. தன் கையே தனக்குத் தெரியவில்லை. பதறி மேலேறியதில் காதில் ரத்தம். அவர்களை விட்டால் அந்த ஊரில் முக்குளிக்க வேறு ஆளில்லை.

"படுத்த மேனிக்கே போ. முட்டிய மடக்கி, காலத் தூக்கியே வச்சுக்க" என்றான்.

"இத நேத்து உனக்கு யாரும் சொல்லலையா?"

சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

வேனில் வந்தவர்களில் நாலு பேர் கரையேறிவிட்டார்கள். ஒரு பெண் மட்டும் வரவில்லை. அவளுடைய அப்பா, பம்ப் ஆபரேட்டர், நாலு நாளாக அதே சட்டையோடு கரையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து, "மொகம் அடையாளம் தெரியுமாம்மா?" என்றார்.

பொய் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. "போய்ப் பாக்குறேங்கய்யா."

அடியில், சேற்றுக்கு ஒரு சாண் மேலே, பாயில் குப்புறப் படுத்தவள்போல் நகர்ந்தாள். மூச்சை இழுத்தால் உடம்பு ஒரு விரல்கடை எழுந்தது, விட்டால் இறங்கியது. முதுகில் அத்தனை இரும்பு இருந்தும் கனமே இல்லை. நீச்சல்குளத்தில் மாதக்கணக்காக முயன்றும் பிடிபடாத சமநிலை இங்கே வந்து கூடிற்று. ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே வெட்கம் பிடுங்கித் தின்றது.

விளக்கொளியில் ஜன்னல் தெரிந்தது. உள்ளே அந்தப் பெண். கையை விட்டு, கத்தியால் சீட் பெல்ட்டை அறுத்தாள். இழுத்தாள். வரவில்லை, பாதம் இருக்கைக்கடியில் மாட்டியிருந்தது. மிதந்துகொண்டு இழுத்தால் இவள்தான் அந்தப் பக்கம் போனாள். ஊன்ற ஓர் இடம் வேண்டும். காற்று பாதிக்குமேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டாள். பிறகு, தெரிந்தே, இரண்டு முட்டியையும் சேற்றில் இறக்கினாள்.

பழுப்பு எழுந்து எல்லாவற்றையும் மூடிற்று. தடவித் தடவிச் செருப்பைக் கண்டுபிடித்து, வாரை அறுத்தாள். பாதம் வழுக்கிக்கொண்டு விடுபட்டது.

மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு இரண்டு முறை இழுபட்டது. கரையில் மறுமுனையைப் பிடித்திருந்த அண்ணன், நலந்தானா என்று கேட்கிறான். பதிலுக்கு இழுக்க ஒரு கை வேண்டும். ஒன்று ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தது. மற்றதன் விரல்கள் அந்தப் பெண்ணின் விரல்களோடு பின்னிக் கிடந்தன. விளிம்பை விட்டால் இந்த இருட்டில் வழி தவறும்; விரல்களை விட அவளுக்கு மனமில்லை. கயிறு மறுபடி இழுபட்டது. கிளம்பிய சேறு இரண்டு பேர் மேலும் மெல்லப் படியத் தொடங்கியது.