பொன்காளி என்று இரண்டு கோப்புகள்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எடப்பாடி பஸ் ஸ்டாண்டு பேக்கரியில் மைதிலி என்னிடம் சொன்ன சங்கதி. தறிப்பட்டறைச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள் அவள். சொல்லி முடித்துவிட்டு, "எழுதறதுன்னா எழுதுங்ண்ணா. என்னையப் பாவமா மட்டும் எழுதிராதீங்க" என்றாள்.

[மைதிலியின் கண்கள் கலங்கி — வேண்டாம். கலங்கவில்லை. பப்ஸைப் பிய்த்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள், தின்னவில்லை.]

2

அவள் அப்பா சின்னுசாமியின் பட்டறையும் பெரியப்பா சென்னிமலையின் பட்டறையும் இந்த வருஷம் ஒன்றாயின. டிசைன் ஃபோல்டர்களும் ஒன்றாக வேண்டுமல்லவா? ஒன்று மைதிலியுடையது, இன்னொன்று பெரியப்பா மகன் மோகன்குமாருடையது. சேலத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் எதையும் இடம் மாற்றவில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, திறந்தால் ஒரே ஃபோல்டராகத் தெரியும்படி செய்தார்.

(இடைக்குறிப்பு: இரண்டு அடுக்கிலும் ஒரே பெயரில் கோப்பு இருந்தால் மேலே இருப்பதுதான் தெரியும். கீழே இருப்பது அழியாது, கண்ணிலும் படாது. புதிதாக எதைச் சேமித்தாலும் மேலடுக்கில் போய் விழும். கீழடுக்கு படிப்பதற்கு மட்டும். உங்களுக்குக் கோபம் வரவில்லையென்றால் இதை இன்னொரு முறை படியுங்கள்.)

"எது மேல வரணும்ங்க?" என்று அடுக்கும் முன் கம்ப்யூட்டர்காரர் கேட்டிருக்கிறார்.

"எம்பையனதுதான்" என்றார் சென்னிமலை. சின்னுசாமியும் அங்கேதான் நின்றிருந்தார்.

3

அந்த வீட்டில் யார் டிசைன் போட ஆரம்பித்தாலும் முதல் டிசைனுக்குக் குலதெய்வத்தின் பெயர் வைப்பார்கள். பங்காளிகளுக்கு ஒரே குலதெய்வம். ஆகவே இரண்டு ஃபோல்டரிலும் ஒரு 'பொன்காளி'. மைதிலியின் பொன்காளியில் முந்தானை முழுக்க மேட்டூர் அணையின் பதினாறு கண் மதகு, அதிலிருந்து பார்டர்வரை பாயும் தண்ணீர். மோகன்குமாருடையது இன்டர்நெட்டில் எங்கிருந்தோ இறக்கிய மாங்காய் டிசைன்.

சேலை வியாபாரிக்குக் காட்ட மைதிலி பொன்காளியைத் திறந்தாள். மாங்காய் வந்தது.

"உன்ற டிசைன் எங்க சாமி? நீ போடவே இல்லியாட்ட இருக்குது" என்றார் பெரியப்பா, வியாபாரியை வைத்துக்கொண்டே.

[இங்கே மோகன்குமாரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். அவன் கெட்டவன் இல்லை, சோம்பேறி. அந்தப் பக்கத்தை அடித்துவிட்டேன். ஆத்திரம் தீர ஒரு நல்ல வில்லன்கூட இந்தக் கதையில் கிடைக்கவில்லை.]

4

மைதிலி கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு அடுக்கைப் பிரிக்கச் சொன்னாள். பிரித்ததும் அவள் ஃபோல்டர் தனியாக நின்றது. பொன்காளி திறந்தது, பதினாறு கண்ணிலும் தண்ணீர் வந்தது. பெரியப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. செரி, பேரை மாத்திப்போட்டு மறுக்காவும் அடுக்கச் சொல்லு."

"அவனை மாத்தச் சொல்லுங்க பெரியப்பா. நாந்தானுங்க முன்னாடி போட்டது."

"நீ நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போற ஊட்டுக்குச் சாமி வேற, கண்ணு. பொன்காளி அவனுக்குத்தான்."

இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள் என்கிற குரலில் சொன்னாராம். அட மனுஷா, கம்ப்யூட்டர்காரர் என்னத்தை அடுக்கினார்? அவள் பிறந்த அன்றைக்கே நீங்கள் அடுக்கி முடித்துவிட்டீர்களே. சின்னுசாமி அப்போதும் வாய் திறக்கவில்லை.

5

முடிவு என்னிடம் மூன்று இருக்கிறது. மூன்று ஃபோல்டரில், மூன்றுக்கும் 'முடிவு' என்றே பெயர். ஒன்றில் அவள் பெயரை மாற்றிக்கொடுக்கிறாள். (இதை எழுதிய என் கையை என்ன சொல்வது?) ஒன்றில் சின்னுசாமி மகளுக்காக வாய் திறக்கிறார். (நடக்காததை எழுதி அவருக்கு நல்ல பெயர் வாங்கித்தர மாட்டேன்.) மூன்றாவது நடந்தது: அவள் தன் ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பேக்கரிக்கு வந்தாள்.

"திரும்பிப் போவியா?" என்று கேட்டேன்.

"எதை மேல வெப்பாங்கன்னு சொல்லட்டும். அப்புறம் போறேன்."

இந்த மூன்றையும் நான் அடுக்கப்போவதில்லை. அடுக்கினால் நான் கற்பனையாக எழுதியதுதான் மேலே போய் உட்காரும், நடந்தது கண்ணில் படாது. கதையைப் படித்துவிட்டதால் நீங்களும் இப்போது பட்டறையின் அந்தக் கம்ப்யூட்டர் அறையில்தான் நிற்கிறீர்கள். கம்ப்யூட்டர்காரர் உங்களைப் பார்த்துக் கேட்கிறார், எது மேலே வர வேண்டும் என்று. சின்னுசாமியைப் போல நிற்காதீர்கள்.