நிறைகுடத்தில் இரண்டு மீன்கள்

எங்கள் தெருச் சுப்பையன் கூப்பிடாமலே வந்து நின்றதே எனக்குப் பிடிக்கவில்லை. வீடு மாற்றுகிற நாள், காலை ஏழு மணி. சைக்கிளின் பின்னால் இரண்டு மண்ணெண்ணெய் டின்களைக் கட்டிக்கொண்டு, "கலியாணண்ணே, தொட்டியெல்லாம் காலி பண்ணியாச்சா?" என்று சிரிக்கிறான். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காஜா பெராங் வாடகை வீட்டிலிருந்து புக்கிட் பாருவில் சொந்த வீட்டுக்குப் போகிறோம். சொந்தக்காரன் எவனும் எட்டிப் பார்க்கவில்லை. இவனுக்கு மட்டும் என்ன அக்கறை?

அது எதன்மேல் அக்கறை என்று எனக்குத் தெரியும். என்னிடம் மூன்று கண்ணாடித் தொட்டிகள். இரண்டில் தங்கமீனும் வாள்வாலும். மூன்றாவதில் ஒரே ஒரு ஜோடி ஏஞ்சல் மீன். சிங்கப்பூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை. நகக்கண் அளவில் இருந்தவற்றை உள்ளங்கை அகலத்துக்கு வளர்த்தேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை முடிந்து வந்து அந்தத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும். அந்த ஜோடியைச் சுப்பையன் இரண்டு முறை கேட்டுவிட்டான். குஞ்சு பொரிக்க வைத்துத் திருப்பித் தருகிறானாம். கொசு ஒழிக்கச் சாக்கடையில் எண்ணெய் ஊற்றுகிற வேலை அவனுக்கு. எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் அந்த வாடை போகாது. அந்தக் கையிலா கொடுப்பேன்?

எப்படியும் இன்றைக்கு வந்து நிற்பான் என்று தெரிந்து ஒரு வேலை செய்து வைத்திருந்தேன். குளிப்பதற்கு முன்பே ஜோடியைப் பிடித்து, புது வீட்டுக்குள் முதலில் நுழைய வேண்டிய செப்புக்குடத்தில் விட்டுவிட்டேன். முந்தின நாள்தான் என் மனைவி சிவகாமசுந்தரி அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தாள்.

"சாமி கொடத்துலயா? உங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"உசுரோடதானே இருக்கு? கறியா வெக்கிறேன்?"

முணுமுணுத்துக்கொண்டே மாவிலையைச் செருகித் தேங்காயை வைத்தாள். சுமங்கலி ஏந்திவரும் நிறைகுடத்தை எவன் தொட்டுப் பார்ப்பான்? என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது தொட்டி காலியாக இருப்பதை வந்ததும் வராததுமாகச் சுப்பையன் பார்த்துவிட்டான். "ஜோடி எங்கண்ணே? அதுக்குன்னே ஒரு டின்னு தனியாக் கொண்டாந்தேன். பழைய தண்ணியோடயே கொண்டுபோயிடலாம்."

"நேத்தே மச்சான் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிட்டேன்" என்று ஒரே போடாகப் போட்டேன். அவன் முகம் சுருங்கியது. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி.

மற்ற மீன்களை அவன்தான் பிடித்தான். பழைய தண்ணீரை டின்னில் மொண்டு, மீன்களை விட்டு, ஈரச் சாக்கால் மூடினான். ஒவ்வொன்றையும் நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். அவன் சைக்கிளையும் ஏற்றிக்கொண்ட லோரியிலும் அவனை ஒட்டியே உட்கார்ந்தேன். மூன்று சக்கர டிரைஷாவில் குடத்தோடு பின்னால் வந்த சிவகாமசுந்தரி புது வீட்டு வாசலில் இறங்கும்போது சேலை காலில் சிக்கியது. சுப்பையன் ஓடிப்போய்க் குடத்தை அடியில் தாங்கிப் பிடித்தான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பால் பொங்கியது. பூஜை முடிந்ததும் முதல் வேலையாகத் தேங்காயை எடுத்தேன். இரண்டும் பக்கவாட்டில் மிதந்தன. செதில் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. விரலால் தொட்டேன். அசையவில்லை.

"மொதக் காலு வெச்ச வீட்டுல..." என்று சிவகாமசுந்தரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுப்பையனின் சட்டையைப் பிடித்தேன். "எண்ணெக் கையி! கொடத்தத் தொட்டது நீ ஒருத்தன்தான்டா! என்னடா போட்ட?"

அவன் குடத்துக்குள் குனிந்து பார்த்தான். பிறகு பால் தம்ளரை எடுத்து, குடத்துத் தண்ணீரையே மொண்டு, என் கண்ணெதிரே மடமடவென்று குடித்தான்.

"மருந்து கலந்திருந்தா எனக்கும் ஏதாச்சும் ஆவட்டும்ணே." முகத்தைச் சுளித்தான். "செம்பு வாடை அடிக்குது. புளி போட்டு வெளக்குன கொடத்துல மீனு தாங்காதுண்ணே. அதுலயும் தேங்காய வெச்சு மூடியிருக்கீங்க. கொடத்துலதான் இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா..."

என் கை சட்டையிலிருந்து நழுவியது. என் மீனை நானேதான் கொன்றிருக்கிறேன். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. மன்னிச்சிருடா என்று சொல்வதற்குப் பதில் குடத்தைச் சுவரோரம் நகர்த்தி வைத்தேன்.

அவன் உடனே போய்விடவில்லை. தொட்டிகளை நிமிர்த்தி வைத்து, டின்னிலிருந்த தண்ணீரையும் மீன்களையும் தம்ளர் தம்ளராக மொண்டு ஊற்றினான். ஒன்றுகூடச் சாகவில்லை. சிவகாமசுந்தரி பாயசம் கொண்டுவந்து நீட்டினாள்.

"வேணாம்மா" என்று வெளியே நடந்தான்.

நானும் பின்னாலேயே போனேன். ஒரு டின்னைச் சைக்கிளில் கட்டினான். மற்றதைக் கட்டுவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அவனாகவே டின்னைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டுத் தட்டினான். சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினான்.

நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் கழுத்து தானாக நீண்டு டின்னுக்குள் எட்டிப் பார்த்தது. அதை அவனும் பார்த்தான். செம்மண்ணில், டின்னிலிருந்து விழுந்த ஒரு துண்டுப் பாசி மட்டும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தது.