யார் வீட்டுச் சாவி?

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் கல்யாணமாகாத பெண்பிள்ளை வாந்தி எடுத்தால் டாக்டரிடம் போகவே தேவையில்லை. பீலியடியில் குடத்தோடு தண்ணீருக்கு நிற்கிறவர்களே என்ன வருத்தமென்று சொல்லிவிடுவார்கள். என் மகள் சிவசக்தி, தரம் பத்தில் படிக்கிறவள், அன்று காலை அந்தப் பீலியடியிலேதான் வாந்தி எடுத்துத் தொலைத்தாள்.

பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கிற வேலாயி அக்கா பல் விளக்குவதை நிறுத்திவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன விஜயா, புள்ள மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?"

"ராத்திரி தின்ன ரொட்டி ஒத்துக்கல."

"ரொட்டியா? சரி சரி. காலம் கெட்டுக் கெடக்கு தங்கச்சி. கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாத்துக்க."

அவள் வாயில் நல்லதே வராது. ஆனால் அவள் சொல்வதற்கு முன்பே எனக்கும் அதே சந்தேகம்தான். என் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. தீபாவளிக்கும் திருவிழாவுக்கும்தான் மனிதனின் முகத்தைப் பார்க்கலாம். பிள்ளைக்கு ஒன்று என்றால் "நீ வளத்த லட்சணம்" என்று என் தலையில்தான் விடியும்.

சக்தியின் போக்கே கொஞ்ச நாளாகச் சரியில்லை. காலையில் தேத்தண்ணி வேண்டாம் என்றாள். மடுல்சீமைத் தோட்டத்தில் பிறந்து, பால்போத்தலிலேயே தேயிலைச் சாயம் குடித்து வளர்ந்த பிள்ளை தேத்தண்ணி வேண்டாம் என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? பின்னேரம் ஸ்கூல் விட்டு வந்தால் புத்தகப் பையை வாசலில் எறிந்துவிட்டு லயத்துக்குப் பின்னால் இருக்கிற கக்கூசுக்கு ஓடுவாள். போனால் லேசில் வரமாட்டாள். எவனோ போன் வாங்கிக் கொடுத்திருக்கிறான், உள்ளே இருந்து பேசுகிறாள் என்று நினைத்தேன். ஒருநாள் தகரக் கதவில் காதை வைத்துக் கேட்டேன். பேச்சு இல்லை. விசும்பல்தான் கேட்டது. பெற்ற பிள்ளை அழுகிறாளே என்று எனக்கு இரக்கமா வந்தது? சந்தேகம்தான் இன்னும் ஊறியது.

பிறகு அந்தத் தண்ணீர்ப் போத்தல். ஸ்கூலுக்குப் புதிதாக வந்த அதிபர் சதீஸ்குமார் சேருக்குச் சுகாதாரப் பைத்தியம். மாகாணத்தில் சிறந்த சுகாதாரப் பாடசாலைக்குப் பரிசு கொடுக்கிறார்களாம். அதற்காகச் சுவரெல்லாம் கரட், பல், தண்ணீர் கிளாஸ் என்று படம் வரைந்து வைத்திருந்தார். பெயர் ஒட்டிய போத்தலில் எல்லாப் பிள்ளைகளும் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று சட்டம். சுகாதாரக் கழகத்துக்கு என் மகள்தான் தலைவி. நெஞ்சில் தலைவிச் சின்னம் குத்திக்கொண்டு அவள் போவதைப் பார்த்து நானும் கொஞ்சம் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். ஆனால் அந்தப் போத்தல் காலையில் நிறையப் போய், பின்னேரம் அப்படியே நிறையத் திரும்பி வந்தது. தாகம் எடுக்காத பிள்ளை உண்டா? எவனோ சோடா வாங்கிக் கொடுக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வெள்ளைக் கவுனைத் துவைக்க எடுத்தபோது உள்பக்கம் ஊசி குத்தி ஒரு சாவி தொங்கியது. எங்கள் காம்பராச் சாவி இல்லை.

"இது யாரு வீட்டுச் சாவிடி?"

அவள் முகம் செத்துப் போனது. "ஸ்கூல் சாவிம்மா."

"ஸ்கூலுக்கு வாச்சர் இருக்கான். ஒங்கிட்ட எதுக்குச் சாவி? எந்தக் கதவுக்கு?"

"அத சொல்லக் கூடாதும்மா."

சொல்லக் கூடாதாம்! விட்டேன் ஒரு அறை. அவள் அழவில்லை. கீழே விழுந்த சாவியைப் பொறுக்கிக் கையில் இறுக்கிக்கொண்டாள். அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டும் ஒருத்தனைக் காட்டிக்கொடுக்காத அளவுக்கு அல்லவா போயிருக்கிறாள்!

எங்கள் லயத்தில் பாதிக் காம்பரா பூட்டித்தான் கிடக்கிறது. ஆட்கள் கொழும்பில். எல்லாக் கதவிலும் லுணுகலைக் கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பூட்டு. இந்தச் சாவியும் அதே மாதிரிதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சக்தி சுருண்டு படுத்துத் தூங்கும்போது தலையணைக்கடியில் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒவ்வொரு பூட்டாகப் போட்டுப் பார்த்தேன். த்ரீவீலர் ஓட்டுகிற துஷாந்த் தனிக்கட்டை. அவன் மேல்தான் எனக்குக் கண். அவன் பூட்டில் சாவியை நுழைத்துத் திருகிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் வேலாயி அக்காவின் குரல்.

"அடி ஆத்தே! பட்டப்பகல்லயே களவா?"

"ரோட்டுல சாவி ஒன்னு கெடந்திச்சு. யாரோடதுன்னு பாக்குறேன்."

"யாரோடது கெடச்சதுன்னு எனக்கும் சொல்லு" என்று சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு மாலைக்குள் லயம் முழுக்கச் சுற்றியிருக்கும்.

ஒரு பூட்டும் திறக்கவில்லை. புத்தியுள்ளவள் நிம்மதி அடைவாள். நானோ, அப்படியானால் எவனோ டவுனில் அறை எடுத்திருக்கிறான் என்று இன்னும் பயந்தேன்.

மறுநாள் விடிய சக்திக்கு அனலாய்க் காய்ச்சல். பல்லைக் கிட்டிக்கொண்டு நடுங்கினாள். விலாவைப் பிடித்துக்கொண்டு எழும்ப முடியாமல் கிடந்தாள். வேறு வழியில்லை, துஷாந்தின் த்ரீவீலரில்தான் பதுளைக்குக் கொண்டுபோனேன். ரோட்டில் குழி விழுந்த இடமெல்லாம் பிள்ளை முனகினாள். நானோ அவன் கண்ணாடி வழியாக அவளைப் பார்க்கிறானா என்று அவனையே பார்த்துக்கொண்டு போனேன். அவன் ரோட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் யதுர்ஷன் என்று ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். இரத்தம், மூத்திரம் எல்லாம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "டாக்டர், வேற ஏதாச்சும்..." என்று இழுத்தேன்.

"நீங்கள் நினைக்கிறது ஒண்டும் இல்லை அம்மா" என்றார் அவர். "மூத்திரத்தில கிருமி. அது கிட்னி வரைக்கும் ஏறிட்டுது. பிள்ளை தண்ணி குடிக்கிறதே இல்லைப் போல கிடக்கு. கன நாளா அடக்கி அடக்கி வைச்சிருக்கிறா."

மாரியம்மா, நீதான் காப்பாற்றினாய் என்று நெஞ்சில் கை வைத்தேன். அடுத்த நிமிஷமே கோபம் தலைக்கேறியது. கட்டிலருகே போய் அவள் தாடையைப் பிடித்துத் திருப்பினேன்.

"ஸ்கூல்ல கக்கூசு இல்லையாடி?"

அப்போதுதான் வாயைத் திறந்தாள். "பழச இடிச்சிட்டாங்கம்மா. புதுசு பளபளன்னு இருக்கு. பரிசுக்குப் பாக்க ஆளுங்க வர்ற வரைக்கும் யாரும் போகக் கூடாதுன்னு சேர் பூட்டி வச்சிருக்காரு. போனா அழுக்காயிருமாம்."

"அப்ப நீங்கல்லாம் எங்க போறீங்க?"

"பசங்களும் சின்னதுங்களும் தேயிலைக்குள்ள போகுதுங்க. நாங்க பெரிய புள்ளைங்க எப்படிம்மா போறது? கீழ ரோட்டுல ஆம்பளைங்க நிப்பாங்க. காலையிலேருந்து தண்ணி குடிக்கலைன்னா சமாளிச்சிரலாம்."

"அந்தச் சாவி?"

"அதோட சாவிதான். காலையில தெறந்து, தூசி தட்டி, பூட்டுறது என் பொறுப்பு. வெளிய யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சேர் சொன்னாரு."

எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. "கையில சாவிய வச்சிக்கிட்டு அடக்கிட்டு இருந்தியா மூதேவி? தெறந்து போறதுக்கென்ன?"

"சேர் என்னைய நம்பிக் குடுத்தாரும்மா."

நாளைக்கே ஆட்கள் வருகிறார்கள் என்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் என் முந்தானையில் முடிந்திருந்த சாவியைச் சேர் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். காய்ச்சல்காரப் பிள்ளை கேட்கிறாளே என்று செய்து கொடுத்தேன்.

மறுநாள் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஸ்கூலுக்குப் போனேன். கொடுத்துவிட்டு வருகிற எண்ணத்தில்தான் போனேன். அதிகாரிகள் மாலையோடு புதுக் கக்கூசுக்கு முன்னால் நின்றார்கள். சதீஸ்குமார் சேர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார். "வந்துட்டீங்களா அம்மா, நல்ல வேளை! சாவிய தாங்க."

அவர் பின்னால் பிள்ளைகள் போத்தலும் கையுமாக வரிசையில் நின்றார்கள். பெரிய பெண்பிள்ளைகளின் போத்தல்களைப் பார்த்தேன். ஒன்றில்கூட ஒரு மிடறு குறையவில்லை. என் மகள் ஒருத்தி இல்லை, அத்தனை பேரும். நான் சேரைத் தாண்டிப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

டைல்ஸ் பளபளத்தது. சவர்க்காரம் கடதாசி கூடப் பிரிக்காமல் இருந்தது. வந்திருந்த அதிகாரி அம்மணி எட்டிப் பார்த்து, "ரொம்பச் சுத்தமா வச்சிருக்கீங்களே" என்றார்.

"சுத்தமா இல்லாம எப்படிங்க மிஸ் இருக்கும்? கட்டுனதுலேருந்து ஒரு புள்ள உள்ள போகலையே! அடக்கி அடக்கி எம்மக கிட்னி வீங்கி ஆஸ்பத்திரில கெடக்கா." பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். "வாங்கடி, யாருக்கு அவசரம்?"

எல்லோரும் சேரைப் பார்த்தார்கள். முதலில் ஒரு குட்டி ஓடி உள்ளே புகுந்தது. பிறகு ஒருத்தி, இன்னொருத்தி. அம்மணி பைலை மூடிவிட்டுக் கதவோரம் நீண்டுகொண்டே போன வரிசையைப் பார்த்தபடி நின்றார்.

"ஒரு நாள் பொறுத்திருக்கலாமே அம்மா" என்றார் சேர். "இந்தப் பரிசக் காட்டித்தான் தண்ணி டாங்கி கேக்க இருந்தேன். இந்தப் புள்ளைங்களுக்குத்தானே கேக்க இருந்தேன்."

பொய் சொல்லவில்லை, அது முகத்திலேயே தெரிந்தது. அதற்காக நான் விடுவேனா? "எம்புள்ளையோட கிட்னி பொறுக்கலையே சேர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்கு ஒரே பெருமை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சக்தி எழுந்து உட்கார்ந்திருந்தாள். "சாவிய குடுத்தியாம்மா?"

நடந்ததை எல்லாம் கை காலை ஆட்டிச் சொன்னேன். கட்டிக்கொள்வாள் என்று பார்த்தால், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"ஒனக்காகத்தானேடி செஞ்சேன்! ஒடம்பு இம்புட்டு மோசமாகுற வரைக்கும் பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா?"

"சொன்னேனே." சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "ஸ்கூல் சாவின்னு சொன்னேன்ல? அன்னைக்கு நீ நம்பியிருந்தா மத்ததையும் சொல்லியிருப்பேம்மா."

பக்கத்துக் கட்டில் அம்மா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கிளாசில் தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டு, அவள் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று நின்றேன்.