பட்டையின் மறுமுனை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையைப் பயத்தில்தான் தொடங்கினேன். ரொடோப் மலையில் எங்கள் வானாய்வகத்தின் நூலகத்தைப் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். எதிர் அறை ஆய்வாளர் ரலித்சாவுடையது. இன்று மாலை போல அவள் முகம் வெளுத்து நான் பார்த்ததில்லை.

முதல் வரைவு இப்படிப் போனது: ‘ஒன்பது கோடி ஒளியாண்டுக்கு அப்பால், நடுவில் நேர்ப்பட்டையும் அதன் இரு முனைகளில் சுருள்களும் கொண்ட ஒரு விண்மீன் மண்டலம்...’ (வேண்டாம். அவ்வளவு தூரத்தில் யாருக்கும் வேலை போகாது.)

2
ரலித்சாவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. மூன்று நாள் முன்பு அந்த மண்டலத்துப் பட்டையின் இடது முனையில் ஒரு புள்ளியைக் கண்டாள். ஐம்பது வருடம் முன்பு கண்ணாடித் தகட்டில் எடுத்த படத்தில் அங்கே எதுவும் இல்லை. விண்மீன் வெடித்திருக்கிறது என்று ஊருக்கெல்லாம் அறிவித்தாள். சிலியில் உள்ள பெரிய தொலைநோக்கி இன்று அந்தப் பக்கம் திரும்பப்போகிறது. அதற்காக, ஒரு வருடம் காத்திருந்த யாரோ ஒருவரின் முறையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எங்கள் நேரப்படி மாலை ஆறு மணிக்கு அதன் இன்றைய பட்டியல் பூட்டப்படும், பிறகு மாற்ற முடியாது. தலைவர் ஸ்தோயில் அவளுக்கு இரண்டு வருட நீட்டிப்பே வாங்கிவிட்டார். எல்லோருக்கும் பாலாடைக்கட்டி அடுக்கிய பனித்சா ரொட்டி சுடவும் சொல்லிவிட்டார்.

3
இன்று ஐந்து மணிக்கு, சும்மா அழகு பார்க்கத்தான், இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதியதில் சுருள்கள் இடமாகச் சுற்றின. பழையதில் வலமாக. தகட்டைத் தலைகீழாக—

(திருத்தம்: தலைகீழாக அல்ல. பின்பக்கம் மேலே வரும்படி வைத்துப் படியெடுத்திருக்கிறாள். பட்டை நேரானது, எப்படிப் புரட்டினாலும் பொருந்திவிடும். பழைய படத்தின் மறுமுனையில் தெரிந்த புள்ளியைக் கண்ணாடித் தூசி என்று விட்டிருந்தாள். அது தூசி இல்லை. எப்போதும் அங்கேயே இருந்த விண்மீன். எதுவும் வெடிக்கவில்லை.)

4
இந்த இடத்தில் அவளை அழவைத்துப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் ஸ்தோயிலைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, சுருள் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாருங்க.”

நாற்பது வருடம் தகடுகளோடு பழகியவர். அவர் கண் ஒரு படத்திலிருந்து மற்றதற்குப் போய்த் திரும்பியது. பிறகு திரையை அணைத்தார்.

“கை கழுவிட்டு வாம்மா. எல்லாரும் உனக்காகத்தான் சாப்பிடாம இருக்காங்க.”

“நீங்க பாத்தீங்கல்ல?”

“நான் ஒண்ணும் பாக்கல. நீயும் பாக்கல.”

(அடிக்குறிப்பு: ஸ்தோயில் கெட்டவர் இல்லை. அறிவிப்பில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. அவளைவிட அவருக்குத்தான் பயம் அதிகம்.)

5
முடிவு அ: அவள் சிலிக்குப் போன் செய்து உண்மையைச் சொல்கிறாள். மாதக் கடைசியில் பெட்டியோடு மலையிறங்கும் பேருந்தில் ஏறுகிறாள்.

முடிவு ஆ: பனித்சா சாப்பிடுகிறாள். அதற்குப் பிறகு, எங்கே போன் அடித்தாலும் அவளுக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது.

இரண்டையும் எழுதிக் கிழித்தேன். அவர்கள் பேசியபோது என் கதவு திறந்திருந்தது. எல்லாம் கேட்டது. நான் குனிந்து ஏதோ புத்தகத்தைப் புரட்டினேன்.

ரலித்சா போனை எடுத்து

முடியவில்லை. இருவருக்குத் தெரிந்திருந்தது, என்னோடு மூன்று. இப்போது உங்களோடு நான்கு. யாராவது ஒருவர் சொன்னால் போதும்.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு.