படிக்கட்டுக்கு அடியில் துரு

ஃபின்லேவும் மர்டோவும் ஆறு வருஷமாக ஒரே கட்டிலில் தூங்கியவர்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் எல்லோருக்கும் இப்படி ஒரு ஜோடி உண்டு. இவர்கள் இருவரும் பெயிண்டர்கள். ஃபின்லே இரண்டு வாரம் மேடையில் இருந்தால் மர்டோ இரண்டு வாரம் வீட்டில். பிறகு மாறிக்கொள்வார்கள். மாறும் நாளில் ஹெலிகாப்டர் வந்து உட்காரும். பதினாறு மஞ்சள் உடுப்புகள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கும். பதினாறு மஞ்சள் உடுப்புகள் தலையைக் குனிந்துகொண்டு ஏறும். அதில் ஒன்று மர்டோ. எது என்று அந்த இரைச்சலில் விசாரிக்க முடியாது.

மர்டோவைப் பற்றி ஃபின்லேவுக்குத் தெரிந்ததெல்லாம் கட்டில் சொன்னதுதான். மெத்தை நடுவில் குழி, ஆகவே ஆள் கனம். தலையணைக்கு அடியில் இருமல் மிட்டாய்க் காகிதம், ஆகவே நெஞ்சில் சளி. இவ்வளவு தெரிந்தால் ஒரு மனிதனோடு ஆறு வருஷம் நிம்மதியாக வாழ்ந்துவிடலாம். பல கல்யாணங்களில் இதைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

2016 ஜனவரியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. 'அன்புள்ள ஃபின்லே' என்று ஆரம்பித்திருந்தது. கம்பெனி அன்பு காட்டியதும் அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டான். எண்ணெய் விலை இருக்கும் இருப்பில் மேடைக்கு இரண்டு பெயிண்டர் கட்டுப்படியாகாது. இருவரின் வேலைக்கும் மதிப்பெண் போட்டு, மாதக் கடைசியில் ஒருவரை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

ஃபின்லேவுக்கு நாற்பத்தேழு வயது. பெயிண்ட் அடிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அவன் ஊரான ஆபர்டீனில் அந்த மாதம் ஒரு மளிகைக் கடை, இரவில் அலமாரி அடுக்க ஆள் கேட்டது. நானூறு பேர் விண்ணப்பித்தார்கள். அதில் ஒருவர் பாறைகளைப் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர். வேலை அவருக்கும் கிடைக்கவில்லை.

அவன் மனைவி ஐலா முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். எண்ணெய்க் கம்பெனி அலுவலகப் பெண்கள் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தவர்கள், இப்போது பன்னிரண்டு வாரமாக்கிவிட்டார்கள். ஒருத்தி நெற்றி முடியைச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொண்டு, பிறகு அதைச் சரிசெய்ய வந்து அழுதாள்.

இந்த நேரம் பார்த்து லீட்ஸிலிருந்து ஐலாவின் அக்கா போன் செய்தாள்.

"ஏண்டி, பெட்ரோல் லிட்டர் ஒரு பவுண்டுக்குள்ள வந்துடுச்சு பாத்தியா! டேங்க் வழிய வழிய ரொப்பியிருக்கேன். இன்னும் விழணும்னு வேண்டிக்கோ."

"வேண்டிக்கிறேன்கா," என்று ஐலா போனை வைத்தாள். பிறகு ஃபின்லேவைப் பார்த்து, "அந்த மர்டோ நல்லா வேலை செய்வானா?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"ஆறு வருஷமா அவன் அடிச்ச பெயிண்ட் மேலதான நடக்குற? தெரியாதுங்கிற!"

ஃபின்லே அந்தக் கேள்வியோடுதான் மேடைக்குப் போனான்.

சாப்பாட்டு அறையில் தொலைக்காட்சித் திரையின் அடியில் எண்ணெய் விலை ஓடிக்கொண்டிருக்கும். தொண்ணூற்று நான்கு பேரும் முட்டையைப் பார்க்காமல் அதைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். அறைகளைக் கூட்டிப் படுக்கை விரிக்கும் டோட் மட்டும் வாயை மூடவில்லை.

"பீப்பா இருபத்தெட்டு டாலர்டா! நாலு பேருக்கு வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்க அதைவிட அதிகம் ஆகும். நாம கடல்ல ஓட்டை போட்டு எண்ணெய் எடுக்குறதுக்கு, மீனையாவது பிடிச்சிருக்கலாம்."

யாரும் சிரிக்கவில்லை. டோடும் சிரிக்கவில்லை. படுக்கை குறைந்தால் விரிப்பவனும் குறைவான் என்று அவனுக்குத் தெரியும்.

ஃபின்லே வேலை நேரம் போக மீதி நேரத்தில் மர்டோவின் வேலையைப் பரிசோதிக்க ஆரம்பித்தான். கைப்பிடிகளைத் தடவினான். குழாய்களின் முதுகை விளக்கு பிடித்துப் பார்த்தான். குறை சொல்ல ஒன்றுமே இல்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது. நான்காம் நாள் மூன்றாம் தளத்துப் படிக்கட்டுக்கு அடியில், மல்லாந்து படுத்தால் மட்டும் தெரியும் இடத்தில், அதைக் கண்டுபிடித்தான். மஞ்சள் பெயிண்ட் புதுசாகப் பளபளத்தது. சுரண்டியை வைத்து லேசாக அழுத்தினான். பெயிண்ட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. உள்ளே இரும்பு இலை இலையாகப் பிரிந்து வந்தது. துருவைச் சுரண்டாமலே மேலே பூசியிருந்தார்கள்.

அடியில் கடல் கறுப்பாகக் கொந்தளித்துக்கொண்டிருந்தது. இந்தப் படியில் தினமும் நாற்பது தடவை ஏறி இறங்குகிறோம் என்ற நினைப்பு அவனுக்கு முதலில் வரவில்லை. 'மாட்டிக்கிட்டான்' என்றுதான் முதலில் வந்தது. நடக்கிற நினைப்பு அதற்கப்புறம்தான் வந்தது.

மேடையில் பாதுகாப்பு அட்டை என்று ஒன்று உண்டு. ஆபத்தாக எதைக் கண்டாலும், பேர் போடாமல், பச்சை அட்டையில் எழுதிப் பெட்டியில் போடவேண்டும். வாரத்துக்கு ஒன்று கட்டாயம். ஆபத்து அப்படி வாராவாரம் வருவதில்லை என்பதால், 'டோட் மூடி இல்லாத காபிக் கோப்பையோடு படியேறினான்', 'டோட் கைப்பிடியைப் பிடிக்கவில்லை' என்று எழுதுவார்கள். டோட் தன் பங்குக்கு, 'டோடை எல்லோரும் முறைக்கிறார்கள்' என்று எழுதியிருக்கிறான். அட்டைகளை யாராவது படிப்பதாக யாரும் நம்பியதில்லை.

ஃபின்லே எழுதினான்: 'மூன்றாம் தளம், வடக்குப் படிக்கட்டு, அடிப்பக்கம். துருவின் மேலேயே பெயிண்ட். போன முறை அடித்தது.' இடது கையால் எழுதினான். போன முறை என்றால் மர்டோ என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

இந்த அட்டையைப் படித்துவிட்டார்கள்.

மூன்று நாள் கழித்துக் கரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கையில் சின்னச் சுத்தியல், தடிமன் அளக்கும் கருவி. முதலில் அந்தப் படிக்கட்டு. டக், டக். பிறகு பக்கத்துத் தூண். டக், டொக். பிறகு அதற்குக் கீழே, அதற்கும் கீழே. ஃபின்லே எங்கே பெயிண்ட் அடித்தாலும் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு படிக்கட்டுக்கு எதற்கு ஐந்து நாள் என்று அவனுக்குப் புரியவில்லை. மேஸ்திரி பாக்ஸ்டர் அவர்கள் பின்னாலேயே, ஆஸ்பத்திரி வராந்தாவில் நடப்பவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். அவர் இவனைப் பார்க்கும்போதெல்லாம் இவன் பெயிண்ட் டப்பாவுக்குள் பார்த்தான். தூங்கப் போனால் மெத்தையின் குழி அவனை நடுவுக்கு இழுத்தது. ஓரமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்தான்.

கிளம்பும் நாள் காலை, மேடைத் தலைவர் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். தொலைக்காட்சியை அணைக்கச் சொன்னார். அதிலேயே பாதி பேருக்குப் புரிந்துவிட்டது.

"அட்டை வந்து ஆரம்பிச்ச பரிசோதனை முடிஞ்சுது. பதினோரு இடத்துல இரும்பு போயிருக்கு. இன்னைக்கு விக்கிற விலைக்கு இதைச் சரி பண்ணிக் கட்டுப்படியாகாதுன்னு மேல முடிவு பண்ணிட்டாங்க. ஜூன் மாசத்தோட மேடையை மூடுறோம்."

"எத்தனை பேரை அனுப்புறீங்க?" என்று யாரோ கேட்டார்.

"மூடுறோம்னா மூடுறோம்தான்யா," என்றார் தலைவர். அவரும் அந்த எண்ணிக்கையில் அடக்கம்.

டோட் கையை உயர்த்தினான். "எந்தப் புண்ணியவான் சார் அந்த அட்டையை எழுதினது?"

"அதுல பேர் கிடையாது."

தொண்ணூற்று நான்கு பேர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஃபின்லேவும் மற்றவர்களைப் பார்த்தான். பார்க்காவிட்டால் தெரிந்துவிடும்.

ஆபர்டீன் ஹெலிகாப்டர் நிலையத்தில் அவன் இறங்கிய கொஞ்ச நேரத்தில் கடலிலிருந்து பனிமூட்டம் ஏறிவந்தது. அன்று போகவேண்டிய இரண்டாவது ஹெலிகாப்டர் கிளம்பாமல் நின்றுவிட்டது. அதில் போகவேண்டியவர்கள் காத்திருப்பு அறையில் அந்த மஞ்சள் உடுப்பைப் பாதி மாட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஃபின்லே பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக அவர்களைத் தாண்டினான்.

"ஃபின்லேதானே? பையில பேர் இருக்கே!"

கனமான ஆள். ஐம்பத்தைந்து இருக்கும். கன்னத்தில் இருமல் மிட்டாய் ஒதுங்கியிருந்தது.

"நான் மர்டோ. உக்காருய்யா. ஆறு வருஷத்துக்கு ஒரு தடவையாவது உக்காரலாம், தப்பில்ல."

ஃபின்லே உட்கார்ந்தான். கை கொடுத்தான்.

"மெயில் வந்துச்சு, அட்டை, மூடுறது எல்லாம் போட்டு," என்றார் மர்டோ. "எங்க லூயிஸ் தீவுல இருந்து மட்டும் நம்ம மேடைக்கு ஒன்பது பேர். வீட்டுக்காரிகிட்ட இன்னும் சொல்லல. ஏதாவது வேலை பாக்கலாம்னா, தீவுல ஆட்டைத் தவிர யாரையும் வேலைக்கு எடுக்குறதில்ல."

"அந்தப் படிக்கட்டு..." என்றான் ஃபின்லே.

"நான்தான் பூசினேன். துருவைச் சுரண்டணும்னு மூணு தடவை பாக்ஸ்டர்கிட்ட எழுதிக் குடுத்தேன். சுரண்டினா ஓட்டை தெரியும், ஓட்டை தெரிஞ்சா மூடிடுவாங்க, விலை ஏறுற வரைக்கும் பூசிவைன்னாரு. பூசினேன்." அவர் மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினார். "தினமும் அதுல கால் வைக்கும்போது ஒரே நினைப்புதான். இன்னைக்கு எவன் விழப்போறானோன்னு. நீ நடக்குற வாரத்துல வீட்லகூடத் தூக்கம் வராது. அதனால, எழுதினவன் தப்பு பண்ணல. ஆனா நல்லதும் பண்ணல. என்ன பண்ணான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

ஃபின்லே பையைக் கீழே வைத்தான். சொல்லிவிட்டால் போதும், காதுக்குள் அந்தச் சுத்தியல் சத்தம் நின்றுவிடும் என்று தோன்றியது.

"மர்டோ, அதை எழுதினது..."

மர்டோ சட்டென்று கையைத் தூக்கினார். பெரிய கை. நகக்கண்ணில் அதே மஞ்சள் பெயிண்ட்.

"வேணாம்பா. பேர் மட்டும் சொல்லாத. நான் இன்னும் நாலு மாசம் அந்தக் கட்டில்ல தூங்கணும்."

ஒலிபெருக்கியில் போகிறவர்கள் பட்டியல் படித்தார்கள். பனி விலகிவிட்டதாம். மர்டோ எழுந்து உடுப்பின் ரப்பர் கழுத்தைத் தலை வழியாக இழுத்து மாட்டினார். கொஞ்ச நேரம் முகம் தெரியவில்லை. பிறகு சிவந்துபோய் வெளியே வந்தது. அதில் கோபம் இருக்கிறதா, மூச்சுத் திணறலா என்று ஃபின்லேவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே ஐலா காரில் காத்திருந்தாள்.

"என்ன ஆச்சு? யாரை வச்சுக்கிறாங்க? உன்னையா, அவனையா?"

ஃபின்லே கதவைச் சாத்தினான். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் கடல் பக்கம் திரும்பியது. அந்தச் சத்தம் முழுதாக அடங்கும்வரை அவன் கார்க் கண்ணாடி வழியாக அதையே பார்த்தான். ஐலா வண்டியைக் கிளப்பாமல், இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.