கன்றுக்குட்டிகளோடு வந்தவர்கள்

ரோமப் படை பிரிட்டன் கரையை விட்டுக் கப்பலேறி முப்பது வருஷமாகியிருந்தது. அவர்கள் விட்டுப்போன கல்கோட்டைக்குள்தான் செனோவராவின் சனங்கள் குடிசை போட்டிருந்தார்கள். அவள் கழிமுகத்தில் உப்புக் காய்ச்சுகிறவள். அன்று காலை அடுப்புக்கு விறகு தள்ளும்போது மூன்று படகுகள் உள்ளே வருவதைக் கண்டாள். போட்டது போட்டபடி கோட்டைக்கு ஓடினாள்.

ஊர்த்தலைவன் குனோமோர் அவளுடைய அண்ணன். மதில்மேல் ஏறிப் பார்த்தவன் சிரித்துவிட்டான்.

"போடி பயந்தாங்கொள்ளி! கடல் தாண்டிக் கொள்ளையடிக்க வர்ற சாக்சன் கன்னுக்குட்டியும் கைக்குழந்தையுமாவா வருவான்?"

"அதான்ணே பயமா இருக்கு. கொள்ளைக்காரன்னா அள்ளிக்கிட்டுப் போயிருவான். இவங்க போறவங்களாத் தெரியல."

"மூணு படகு ஆளுக்கு இந்தப் பாடா?"

வந்தவர்கள் சேற்றுமேட்டில் வீடு கட்டக் கம்பங்கள் நட்டார்கள். வம்புதும்பு ஒன்றுமில்லை. வெண்ணெய் கொடுத்து உப்பு வாங்கிப்போனார்கள். ஹெரெபுர்க் என்பவள் சைகையிலேயே செனோவராவோடு சிநேகமானாள். கோடையில் அவள் குழந்தை காய்ச்சலில் இறந்தது. எரித்த சாம்பலைப் பானையில் போட்டு மேட்டிலேயே புதைத்தார்கள். செனோவரா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். திரும்பி வரும் வழியில் நின்று அந்த மேட்டைப் பார்த்தாள். பிள்ளையைப் புதைத்த மண்ணை விட்டு யார் கிளம்புவார்கள்?

மேட்டோரத்து ஓடையில் கடல்நீர் ஏறி உப்புக் கரித்ததும் அவர்கள் கோட்டைக் கிணற்றுக்கு வந்தார்கள்.

"தண்ணி கேக்குறவங்ககிட்ட இல்லேன்னா சொல்றது?" என்றான் குனோமோர்.

இலையுதிர்காலத்தில் இன்னும் பதினேழு படகுகள் வந்தன. இவற்றில் கன்றுகள் குறைவு, ஈட்டிகள் அதிகம். குனோமோர் அப்போதுதான் வாசலை அடைக்கச் சொன்னான். அடைக்கக் கதவு ஏது? எந்தக் குளிர்காலத்திலோ அதை உடைத்து அடுப்பெரித்திருந்தார்கள்.

மறுநாள் செனோவரா குடத்தோடு போனபோது கிணற்றைச் சுற்றி அந்நியப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி மற்றவர்களை விலக்கி, 'நீ மொண்டுக்கோ' என்று கைகாட்டினாள். வீட்டுக்காரி விருந்தாளிக்கு வழிவிடுவதுபோல. செனோவரா மொண்டுகொண்டாள். அவர்கள் மொழியிலேயே நன்றி சொல்லிவிட்டு, தன் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

"மேக்க போயிரலாம்ணே," என்றாள்.

"நம்ம ஊருடி இது."

"அவங்களும் அதத்தாண்ணே சொல்றாங்க."

குனோமோர் அங்கேயே இருந்துவிட்டான். அவள் இரண்டு மூட்டை உப்போடு தனியாகத்தான் மேற்கே நடந்தாள்.